ஸ்ட்ரிங்காக வரும் சூத்திரம்

கேள்வி: ஃபாரோ ஸ்மால்டாக் என்ற நிரல்மொழியில் ஒரு சின்னக் கணக்கு நிரல் எழுதுகிறேன். பயனர் 'விட்த் * ஹைட்' என்று டைப் செய்தால் அதை அப்படியே ஓட்ட வேண்டும். அந்த ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரத்தை) எவால்யுவேட் செய்தால், அதாவது நிரலாக ஓட்டினால், என் மெத்தடில் இருக்கும் விட்த், ஹைட் இரண்டையுமே தெரியாது என்கிறது. ஏன்?

பதில்: அதற்கு எப்படித் தெரியும்? 'ஸ்மால்டாக் கம்பைலர் எவால்யுவேட்:' என்று கொடுக்கும் ஸ்ட்ரிங் உங்கள் மெத்தடுக்குள் ஓடுவதில்லை. கம்பைலர் (நிரலை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது) அதைத் தனி மெத்தடாக்கி, ஓட்டி, விடையை உங்களிடம் தந்துவிட்டு மெத்தடைத் தூக்கிப் போட்டுவிடும். சந்தேகமா? '1 / 0' என்று எவால்யுவேட் செய்து பாருங்கள். பிழை வந்ததும் திறக்கும் டீபக்கரில் 'அன்டிஃபைன்டுஆப்ஜெக்ட்>>டூஇட்' என்று ஒரு வரி இருக்கும். அதாவது, அங்கே செல்ஃப் (மெத்தட் எந்த ஆப்ஜெக்டுக்காக ஓடுகிறதோ அது) என்பது நில், 'எதுவும் இல்லை' என்பதைக் குறிக்கும் ஆப்ஜெக்ட். உங்கள் தற்காலிக மாறிகளின் வாடையே அங்கே கிடையாது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஸ்மால்டாக்-80 காலத்திலேயே கம்பைலரும் இமேஜுக்குள் (நிரல்களும் ஆப்ஜெக்ட்களும் சேர்த்துச் சேமிக்கப்படும் கோப்பு) இருக்கும் ஒரு ஆப்ஜெக்ட்தான். தேர்ந்தெடுத்த வரியை ஓட்ட நீங்கள் நாள் முழுக்க அழுத்துகிற 'டூ இட்'டும் அதைத்தான் கூப்பிடுகிறது.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால், சூத்திரத்துக்கு முன்னால் '[:விட்த் :ஹைட் | ' என்பதையும், பின்னால் ']' என்பதையும் ஒட்டி, ஒரே ஒரு முறை எவால்யுவேட் செய்வேன். விடையாக ஒரு பிளாக் (வேண்டும்போது ஓட்டிக்கொள்ளும் நிரல் துண்டு) வரும். அதைப் பத்திரப்படுத்திக்கொண்டு 'வேல்யு: 40 வேல்யு: 3' என்று கேட்டால் 120. எத்தனை தடவை கேட்டாலும் மறுபடி கம்பைல் ஆகாது.

பயனர்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: '10 + 2 * 3' என்று அடித்தால் 36 வரும், 16 வராது. ஸ்மால்டாக்கில் கூட்டலும் பெருக்கலும் ஒரே வரிசை. இடமிருந்து வலமாகத்தான் போகும். அடைப்புக்குறி போடத் தெரியாத பயனர் உங்களைத்தான் திட்டுவார்.

அப்புறம், முன்பின் தெரியாதவர் டைப் செய்வதாக இருந்தால் இந்த வழியே வேண்டாம். அவர் 'ஸ்மால்டாக் ஸ்னாப்ஷாட்: ஃபால்ஸ் அண்ட்க்விட்: ட்ரூ' என்று அடித்தால், சேமிக்காமலே இமேஜ் மூடிக்கொள்ளும். அத்தகைய இடத்தில் எண்ணையும் நான்கு குறிகளையும் மட்டும் படிக்கும் சின்ன பார்சர் (எழுத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் நிரல்) எழுதுவதுதான் உத்தமம். அலுப்பான வேலைதான், ஆனாலும் எழுதுங்கள்.

கேள்வி: மெனுவில் தேர்ந்தெடுக்கும் பெயரை வைத்து மெத்தடை அழைக்கவும் எவால்யுவேட் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அதற்குத்தான், பெயரைக் கொடுத்தால் அந்த மெத்தடை அழைக்கும் 'பெர்ஃபார்ம்:' இருக்கிறது. பெயர் ஸ்ட்ரிங்கை 'அஸ்சிம்பல்' மூலம் சிம்பலாக்கி (மெத்தட் பெயர்கள் இருக்கும் வடிவம்) அனுப்பினால் போதும். கம்பைலர் பக்கமே போக வேண்டாம். அனுப்புவதற்கு முன், நீங்கள் அனுமதித்த பெயர்ப் பட்டியலில் அது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.