பிரிண்ட் கொடுத்த பிறகு கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது? வராமல் நின்றுவிட்டு, அப்புறம் ஒன்றுக்கு ஐந்தாக வருவது ஏன்?

தருமபுரி நான்கு ரோடு பக்கம் 11 ஆண்டுகளாக ஜெராக்ஸ், ஆன்லைன் சேவைக் கடை நடத்துகிறேன். இந்தக் கேள்விக்கான பதிலை நான் கற்றுக்கொண்டது ஒரு வில்லங்கச் சான்றில்தான்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். பயிர்க்கடனுக்காக சிட்டாவும் வில்லங்கமும் வேண்டும். வில்லங்கம் மட்டுமே 22 பக்கம். அன்று மாதாந்திரப் பராமரிப்பு நாள். காலையில் போன கரண்ட் மாலையில்தான் வந்தது. கடையில் வேலை செய்யும் பெண் பிரிண்ட் கொடுத்தாள். பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது, தாள் நகரவில்லை. மறுபடி கொடுத்தாள். "என்னம்மா, வருமா வராதா? அஞ்சரை பஸ்ஸை விட்டா ராத்திரிதான் ஊரு போய்ச் சேரணும்" என்று அவர் கேட்கக் கேட்க, இவள் பதற்றத்தில் ஆறு முறை அழுத்திவிட்டாள். நான் வந்து கோளாறைச் சரிசெய்ததும் பிரிண்டர் 132 பக்கத்துக்கும் கிளம்பிவிட்டது. முதல் 22 தாளை எடுத்து அவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, மீதியை ஒவ்வொன்றாக ரத்து செய்தேன்.

பிரிண்ட் பட்டனை அழுத்தும்போது நாம் பிரிண்டரிடம் எதுவும் சொல்வதில்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இன்னொரு மென்பொருளிடம் ஒரு கோப்பை ஒப்படைக்கிறோம், அவ்வளவுதான். விண்டோஸில் அதற்குப் பெயர் பிரிண்ட் ஸ்பூலர். லினக்ஸிலும் மேக்கிலும் கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997இல் எழுதத் தொடங்கியது கப்ஸ்; 2002இல் மேக்கில் இடம்பிடித்தது; 2007இல் ஆப்பிளே அதன் உரிமையை வாங்கிக்கொண்டது. எங்கள் கவுண்டர் கம்ப்யூட்டரில் உபுண்டு என்ற லினக்ஸ் ஓடுவதால் நான் தினம் பார்ப்பது இதைத்தான்.

ஒப்படைத்த கோப்பு முதலில் ஒரு வரிசையில் உட்காரும். இதைத்தான் ஸ்பூல் என்கிறோம். கப்ஸின் ஸ்பூல் அடைவைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு வகைக் கோப்பு இருக்கும். 'சி' என்று தொடங்குவதில் யார் கொடுத்தது, எத்தனை நகல், எந்தத் தாள், இரண்டு பக்கமா ஒரு பக்கமா என்ற விவரம். 'டி' என்று தொடங்குவதில் ஆவணமே இருக்கும். விண்டோஸிலும் இதே கணக்குதான்: எஸ்ஹெச்டி கோப்பில் விவரம், எஸ்பிஎல் கோப்பில் ஆவணம். பட்டனை ஆறு முறை அழுத்தினால் ஆறு தனித்தனி வேலைகள். 'இது முன்பு கொடுத்ததேதான்' என்று ஸ்பூலருக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. கோளாறு தீர்ந்ததும் ஒன்று விடாமல் அனுப்பும். அதன் வேலையே அதுதான்.

அடுத்த கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நாம் கொடுக்கும் பிடிஎஃப்பை எல்லாப் பிரிண்டராலும் படிக்க முடியாது. அதனால் கப்ஸ் அதை ஃபில்டர் என்ற சின்னச் சின்ன நிரல்கள் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது. ஒரு ஃபில்டர் பக்கங்களை வரிசைப்படுத்தும். அடுத்தது பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும். அதற்கடுத்தது அந்தப் புள்ளிகளைக் குறிப்பிட்ட பிரிண்டருக்குப் புரியும் மொழியில் எழுதும். ஓர் ஏ4 தாளை அங்குலத்துக்கு 600 புள்ளி என்று பிரித்தால் ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம் புள்ளிகள் வரும். விலை குறைந்த பல லேசர் பிரிண்டர்களுக்கு இந்தக் கணக்கைப் போடும் திறன் கிடையாது. கம்ப்யூட்டர்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் படம் நிறைந்த பக்கம் கொடுத்தால் வெகுநேரம் யோசிப்பது இதனால்தான். அந்த நேரத்தில் பிரிண்டர் சும்மா இருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தாதீர்கள்.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருவதற்கும் இந்த இடத்தில்தான் காரணம் தேட வேண்டும். பிடிஎஃப்புக்குள் எழுத்துருவையும் சேர்த்துச் சேமித்திருந்தால் எந்தக் கடையில் எடுத்தாலும் சரியாக வரும். சேர்க்காமல் விட்டிருந்தால், ஃபில்டர் தன்னிடம் இருக்கும் வேறு எழுத்துருவைப் போட்டுப் பார்க்கும். தமிழ் தெரியாத எழுத்துருவாக இருந்தால் கட்டம்தான். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகை என்றால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். பிரிண்டரை மாற்றினால் இது தீராது. எழுத்துருவைச் சேர்த்து மறுபடி சேமித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கடைசிக் கட்டம், தயாரானதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. யுஎஸ்பி கம்பி என்றால் ஒரு வழி, நெட்வொர்க் என்றால் வேறு வழி. நெட்வொர்க்கில் பல பிரிண்டர்கள் 9100 என்ற போர்ட்டில் (தகவல் நுழையும் வாசலின் எண்) வருவதை அப்படியே வாங்கி அச்சடிக்கும். ஐபிபி (இன்டர்நெட் பிரிண்டிங் புரோட்டோகால்) என்ற முறை 631ஆம் போர்ட்டில் நடக்கும். அதில் 'தாள் தீர்ந்துவிட்டது', 'மூடி திறந்திருக்கிறது' என்று பிரிண்டரும் பதில் சொல்லும். முடிந்தால் ஐபிபியையே தேர்ந்தெடுங்கள்.

அன்று எங்கள் கடையில் அறுந்தது இந்தக் கண்ணிதான். கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் புதிதாகத் தொடங்கி, பிரிண்டருக்கு வேறொரு ஐபி எண்ணைக் கொடுத்துவிட்டது. கம்ப்யூட்டரோ பழைய எண்ணிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வீடு மாறிப் போனவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போட்ட கதை. உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:631 என்று அடித்து கப்ஸின் பக்கத்தைத் திறந்தேன். முதல் வேலை நடந்துகொண்டிருப்பதாகவும், பிரிண்டர் பதில் சொல்லவில்லை என்றும் தெளிவாகப் போட்டிருந்தது. எண்ணை மாற்றியதும் ஓடியது. மறுநாளே ரவுட்டரில் அந்தப் பிரிண்டருக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கிவிட்டேன். அதற்குப் பிறகு இந்தத் தொல்லை வரவில்லை.

அதனால் தாள் வரவில்லை என்றால் முதலில் வரிசையைப் பாருங்கள். வேலை வரிசையிலேயே இல்லையா? வேறு பிரிண்டரைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். வரிசையில் இருந்து, பிரிண்டர் 'நிறுத்தப்பட்டது' என்று காட்டுகிறதா? கப்ஸ் ஒரு தடவை பெரிய பிழையைக் கண்டால் வரிசையையே நிறுத்திவைக்கும். நாம்தான் மறுபடி தொடங்கிவிட வேண்டும். வேலை நடப்பதாகக் காட்டியும் தாள் நகரவில்லையா? கம்பியையும் ஐபி எண்ணையும் பாருங்கள். விண்டோஸில் ரத்து செய்தும் போகாமல் ஒரு வேலை அடம் பிடித்தால், ஸ்பூலர் சேவையை நிறுத்தி, சிஸ்டம்32க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற அடைவைக் காலி செய்து, சேவையை மறுபடி தொடங்குங்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அந்த 'டி' கோப்புகளை கப்ஸ் அச்சடித்த உடனே அழிப்பதில்லை; நாம் எதையும் மாற்றாவிட்டால் ஒரு நாள் வைத்திருக்கும். நம் கடையில் எடுத்த ஆதாரும், பட்டாவும், மதிப்பெண் பட்டியலும் அந்த ஒரு நாள் முழுக்க அந்த அடைவில் கிடக்கும். ஒரு பட்டனை அழுத்தினால் மறுபடி தாளாக வரும். இதைத் தெரிந்துகொண்ட அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை பேர் நம்பிக் கொடுத்த காகிதம்! கப்ஸின் அமைப்புக் கோப்பில் 'பிரிசர்வ்ஜாப்ஃபைல்ஸ்' என்ற வரிக்கு 'நோ' என்று கொடுத்தேன். இப்போது அச்சடித்து முடித்ததும் ஆவணம் அழிந்துவிடுகிறது, யார் எத்தனை பக்கம் எடுத்தார்கள் என்ற கணக்கு மட்டும் நிற்கிறது. விண்டோஸில் பிரிண்டர் பண்புகளில், அட்வான்ஸ்டு பகுதியில், அச்சடித்த ஆவணங்களை வைத்திருக்கச் சொல்லும் ஒரு பெட்டி உண்டு. அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.