ரோலர் தரும் பதிவுகள்: எதை வைத்திருப்பது, எப்படிப் பாதுகாப்பது?

மண்ணை இறுக்கும் அதிர்வு ரோலர்களில் இப்போது அதிர்வை அளக்கும் முடுக்கமானி, செயற்கைக்கோள் இருப்பிடக் கருவி, கேபினில் ஒரு திரை எல்லாம் வந்துவிட்டன. மண் எங்கே எவ்வளவு இறுகியது என்று அவை பதிவு செய்து தரும் கோப்புகளோடு மல்லுக்கட்டுவதுதான் என் அன்றாட வேலை. வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

தளப் பொறியாளர்: தினமும் மாலையில் திரையில் வரும் வண்ண வரைபடத்தை பிடிஎஃப் ஆக எடுத்து வைக்கிறோம். அது போதாதா சார்?

போதாது. அந்தப் படம் பதிவிலிருந்து சமைத்தது. எந்த எண்ணுக்கு மேல் பச்சை, எதற்குக் கீழ் சிவப்பு என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். எல்லையைக் கொஞ்சம் நகர்த்தினால் சிவப்பெல்லாம் பச்சையாகிவிடும். இன்னொன்று, அந்த வரைபடம் பெரும்பாலும் ஒவ்வொரு இடத்திலும் கடைசியாக ஓடிய பாஸை (ரோலர் ஒரு தடவை ஓடுவது ஒரு பாஸ்) மட்டும்தான் காட்டும். இரண்டு வருடம் கழித்து அந்த இடம் அமுங்கினால், மூன்றாவது பாஸுக்கும் ஆறாவது பாஸுக்கும் இடையில் மண் இறுகியதா இல்லையா என்றுதான் கேட்பார்கள். அதனால் ஏற்றுமதி செய்யும்போது ‘எல்லாப் பாஸ்களும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். தயாரிப்பாளரின் மூல வடிவில் ஒரு பிரதி, சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய உரை அட்டவணை வடிவில் ஒரு பிரதி. பிடிஎஃப் கூட்டத்தில் காட்டுவதற்கு இருக்கட்டும்.

மாணவர்: மண் எவ்வளவு இறுகியது என்று காட்டும் சிஎம்வி எண் 45 என்று பதிவாகியிருக்கிறது. அந்த எண்ணும் இருப்பிடமும் மட்டும் சேமித்தால் பயன் உண்டா?

அந்த 45-க்கு அலகு கிடையாது, கவனித்தீர்களா? டிரம்மின் அதிர்வில், அடிப்படை அதிர்வெண்ணின் வீச்சோடு அதன் இரட்டிப்பு அதிர்வெண்ணின் வீச்சை ஒப்பிட்டு வரும் விகிதம் அது. 1970-களின் பிற்பகுதியில் ஸ்வீடனில் உருவான முறை. தரை கெட்டியாக ஆக டிரம்மின் ஆட்டம் சீர்குலைந்து இந்த எண் ஏறும். ஆனால் ரோலரின் அதிர்வெண், வீச்சு, வேகம் மாறினாலும் இதே எண் மாறும். வேறு கம்பெனி ரோலர் வேறு கணக்கில் வேறு எண் தரும். இரண்டையும் அட்டவணையின் ஒரே பத்தியில் கொட்டி சராசரி எடுத்த கோப்புகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே ஒவ்வொரு வரியிலும் நேரம், அதிர்வெண், வீச்சு, வேகம், முன்னா பின்னா என்பது இருக்க வேண்டும். கோப்போடு சேர்த்து எந்த இயந்திரம், டிரம்மின் அகலம், எத்தனையாவது அடுக்கு, அடுக்கின் தடிமன், அன்றைய ஈரப்பதம் ஆகியவற்றை ஒரு சின்ன உரைக் கோப்பில் எழுதி வையுங்கள். கனமான ரோலர் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம் வரை உணரும்; அடர்த்திச் சோதனை மேல் 30 செ.மீ. வரைதான் பார்க்கும். கீழே என்ன மண் என்ற குறிப்பு இல்லையென்றால் இந்த இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று பிறகு யாருக்கும் புரியாது.

அலுவலக உதவியாளர்: சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறந்து ஒரு பத்தியின் பெயரை மட்டும் மாற்றிச் சேமித்தேன். இப்போது மென்பொருள் அதை ஏற்க மறுக்கிறது.

நேரப் பத்தியைப் பாருங்கள். 14:23:07.3 என்று இருந்தது 23:07.3 ஆகியிருக்கும். நொடியின் பின்னம் இருந்தால் எக்செல் அதை நிமிடமும் நொடியுமாக மட்டும் காட்டும். சிஎஸ்வி ஆகச் சேமிக்கும்போது காட்டியதைத்தான் எழுதும். மணி போயே போச்சு; கூடவே தேதி இருந்திருந்தால் அதுவும். கோப்பு பெரிதென்றால் 10,48,576 வரிகளுக்கு மேல் உள்ளதும் வெட்டுப்பட்டிருக்கும். இருப்பிடத்தையும் சரிபாருங்கள். பாகையில் ஐந்து தசம இடம் மட்டும் மிஞ்சினால் துல்லியம் ஏறக்குறைய ஒரு மீட்டர், அதாவது டிரம்மில் பாதி. மூலப் பிரதி இருந்தால் அதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இனி மூலக் கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, பிரதியில் வேலை செய்யுங்கள்.

ரோலர் ஓட்டுநர்: அண்ணே, மெமரி நிரம்பிடுச்சு. பென் டிரைவில் ஏற்றியாச்சு, அழிக்கலாமா?

பொறுங்கள் தம்பி. நானும் ஒரு தடவை கோப்பின் பெயர் தெரிகிறதே என்று அழித்துவிட்டேன். எழுதி முடியும் முன்பே பென் டிரைவைப் பிடுங்கியிருக்கிறேன். கோப்பின் அளவு பூஜ்யம். ஒரு முழு நாள் வேலை காற்றில் போனது. கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகிறதா பார்த்து, கணினியில் ஒன்றையாவது திறந்து பார்த்து, இரண்டாவது பிரதியும் எடுத்த பிறகு அழியுங்கள். அந்தப் பென் டிரைவில் பாட்டு, படம் எதுவும் வேண்டாம். வைரஸ் அந்த வழியாகத்தான் வரும்.

ஆலோசகர்: ஒப்பந்ததாரர் பதிவைத் திருத்தவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

அன்று மாலையே ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) எடுத்து இரு தரப்புக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். 64 எழுத்துகள்தான். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் முழுவதும் வேறாகிவிடும். ஆனால் அது ஹாஷ் எடுத்த பிறகு நடந்ததற்குத்தான் சாட்சி. அதற்கு முன் நடந்தது தெரியாது. அதனால் இயந்திரத்திலிருந்து நேரே சர்வருக்குப் போகும் வழி இருந்தால் அதையே கேளுங்கள்.

சந்தேகம் வந்தால் எண்களையே உற்றுப் பாருங்கள். நிஜ மண் ஒரே மாதிரி பதில் சொல்லாது. எண்கள் சதா ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு அடுக்குகளில் 300 வரிகள் தசமம் வரை அப்படியே திரும்ப வந்தால் அது நகல்.

திட்ட மேலாளர்: கிளவுடில் இருக்கிறதே, தனிப் பிரதி எதற்கு?

சந்தா முடிந்தால்? தவிர, ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். கூடவே, கேபின் திரைக்கு எல்லோருக்கும் ஒரே பின் எண் இருக்கும். அதை ஆளுக்கொன்றாக மாற்றுங்கள். வரம்புகளை மாற்றும் உரிமை ஓட்டுநருக்கு வேண்டாம்.

அதே மேலாளர்: எத்தனை காலம் வைத்திருப்பது? இடம் அடைக்காதா?

வேலையில் குறை வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சொன்ன குறைதீர்ப்புக் காலம் முடிந்து, கணக்கு வழக்கெல்லாம் தீரும் வரை. நொடிக்கு 10 வரி, எட்டு மணி நேரம் என்றால் 2,88,000 வரிகள். வரிக்கு 150 பைட் வைத்தாலும் நாளைக்கு 43 எம்பி. உங்கள் கைபேசியில் இருக்கும் ஒரு சின்ன வீடியோ இதைவிடப் பெரிது.