கணவரைப் பிரிந்த பிலிப்பினோ காதலியை மணக்க முடியுமா?

இப்போதைக்கு முடியாது. உங்கள் காதலி கணவரைப் பிரிந்து ஏழு வருடம் ஆனாலும் சட்டப்படி அவர் இன்னும் அந்தக் கணவரின் மனைவிதான். பிலிப்பைன்ஸில் முஸ்லிம்கள் தவிர மற்றவர்களுக்கு விவாகரத்தே கிடையாது. திருமணத்தை நீதிமன்றம் ரத்து செய்திருக்க வேண்டும்.

திருமணப் பதிவு இல்லை என்று காட்டும் செனோமார் சான்றிதழைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார் என்கிறீர்கள். பழைய திருமணப் பதிவு அப்படியே இருப்பதுதான் காரணமாக இருக்கும். அதற்காக ஏமாற்றுக்காரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரத்து வழக்குக்கு நிறையப் பணம் வேண்டும், வருடக்கணக்கில் அலைய வேண்டும். அதனாலேயே பலர் சும்மா பிரிந்து வாழ்கிறார்கள்.

இருவரும் சேர்ந்தே பிஎஸ்ஏ எனப்படும் பிலிப்பைன்ஸ் புள்ளிவிவர ஆணைய அலுவலகத்தில் அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பதிவு இருந்தால் அந்தத் திருமண விவரமே அச்சாகி வரும்.

கணவர் வெளிநாட்டவர், அங்கே விவாகரத்தும் ஆகிவிட்டது என்றால் குடும்பச் சட்டத்தின் 26-வது பிரிவில் வழி உண்டு. அதையும் பிலிப்பைன்ஸ் நீதிமன்றம் அங்கீகரிக்க வேண்டும். அதுவரை ஒரே வீட்டில் குடியேறாதீர்கள். கணவர் புகார் கொடுத்தால் இருவர் மேலும் குற்ற வழக்கு வரலாம்.