ஐந்நூறு சொல் பட்டியலும் ஒரு என்கொயரி நோட்டும்

கேள்வி: களியக்காவிளையில் பத்து வருடமாக வண்டி புக்கிங், சபரிமலை, கன்னியாகுமரி டூர் என்று நடத்திவருகிறேன். இப்போது அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு டூரும் எடுத்துச் செய்கிறோம். வெப்சைட் போட்டு எட்டு மாதம் ஆகிறது. அதைப் பார்த்து வந்த போன் மூன்றோ நாலோதான். டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்யும் ஒருவர், 'ட்ராபிக்கல் ஐலண்ட் ஹாலிடேஸ்' என்ற சொல்லுக்கு மூன்று மாதத்தில் கூகுளில் முதலிடம் கேரண்டி என்கிறார். மாதம் 15,000 ரூபாய். 500 'ரிலேட்டட் கீவேர்ட்', அதாவது தொடர்புள்ள தேடல் சொற்கள், அடங்கிய எக்செல் ஷீட்டும் அனுப்பியிருக்கிறார். எல்லாவற்றையும் நம் பக்கங்களில் சேர்க்க வேண்டுமாம். சேர்க்கலாமா? இல்லையென்றால் எந்தச் சொற்களைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: சேர்க்காதீர்கள். அந்த 15,000-ஐயும் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த 'ட்ராபிக்கல்' கதையைப் பார்ப்போம். பனியில் விறைத்துப்போய் லண்டனில் உட்கார்ந்திருப்பவர் வெயிலுக்கு ஏங்கி அடிக்கிற சொல் அது. லட்சத்தீவின் மினிக்காய் தீவும் உங்கள் களியக்காவிளையும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், எட்டு டிகிரி சொச்சத்தில் இருக்கின்றன. உங்கள் வாடிக்கையாளர் வெப்பமண்டலத்தைத் தேடிப் போகவேண்டியதில்லை, வருஷம் முழுக்க அதிலேதான் வேர்த்துக்கொண்டிருக்கிறார். பாறசாலைக்காரரோ மார்த்தாண்டத்துக்காரரோ 'வெப்பமண்டலத் தீவு விடுமுறை' என்று அடித்து நான் பார்த்ததில்லை. அவர் அடிப்பது 'அந்தமான் டூர் எவ்வளவு ஆகும்'. அதையும் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தமிழாக அடிப்பார்கள்.

அப்புறம் ஏன் அந்த மனிதர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்? உலகம் முழுக்கப் பெரிய கம்பெனிகள் மோதிக்கொள்ளும் சொல் அது, உங்கள் பக்கம் அதில் மேலே வராது என்பது அவருக்கும் தெரியும். மூன்றாம் மாதம் ரிப்போர்ட் ஒன்று வரும். அதில் 'ட்ராபிக்கல் ஐலண்ட் ஹாலிடேஸ் களியக்காவிளை, முதலிடம்' என்று பச்சை நிறத்தில் இருக்கும். பொய்யில்லை. தேடிப் பார்த்தால் நீங்கள்தான் முதலில் நிற்பீர்கள். ஏனென்றால் அந்தச் சொல்லை அதுவரை தேடியவரும் இல்லை, எழுதியவரும் இல்லை. ஆளில்லாத பந்தயத்தில் கப் வாங்கிக் கொடுத்துவிட்டு 45,000 ரூபாயை எண்ணிக்கொண்டு போவார். கூகுளில் முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. முறையாக வேலை செய்தாலும் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம் என்பதும் அவர்கள் சொன்னதுதான். 'கேரண்டி' என்ற சொல் வாயில் வந்த நிமிடமே டீயைக் கொடுத்து அனுப்பிவிடுவது நல்லது.

இனி ஷீட். நீங்கள் அனுப்பியதை ஒரு வரி விடாமல் படித்தேன். தலைப்பில் 'எல்எஸ்ஐ கீவேர்ட்ஸ்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அது 1980-களின் கடைசியில் வந்த ஒரு ஆவணத் தேடல் முறையின் பெயர். எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினால் உங்களுக்குத் தலை சுற்றும், தெரிந்தும் ஒரு பிரயோஜனம் இல்லை. கூகுளின் ஜான் முல்லர் 2019-லேயே 'எல்எஸ்ஐ கீவேர்ட் என்று ஒன்று கிடையாது' என்று பொதுவெளியில் சொல்லிவிட்டார். பக்கத்துக்குப் பின்னால் கண்ணில் படாமல் எழுதும் 'மெட்டா கீவேர்ட்' கதையும் இதேதான். வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் அறிவித்தது. இத்தனை வருஷம் கழித்தும் இரண்டையும் விற்கிறார்கள், வாங்குகிறோம்.

ஷீட்டில் 500 சொல்லும் ஏதோ ஒரு டூல் துப்பியவை. யாரும் படித்துப் பார்க்கவில்லை என்பதற்கு மூன்று வரி போதும். ஒன்று, 'நார்த் சென்டினல் ஐலண்ட் டூர் பேக்கேஜ்'. அதன் எதிரே 'ஹை வால்யூம்' என்று ஸ்டார் வேறு போட்டிருக்கிறார். வால்யூம் இருக்கத்தான் செய்யும். அந்தமானில் சென்டினல் பழங்குடியினர் வாழும் தீவு அது, 2018 நவம்பரில் ஓர் அமெரிக்கர் அங்கே போய் உயிரைவிட்டதிலிருந்து உலகமே அதைத் தேடுகிறது. அந்தத் தீவை நெருங்குவதே சட்டப்படி தடை. அந்தத் தலைப்பில் பக்கம் போட்டால் டூருக்கு ஆள் வருமோ இல்லையோ, போலீஸ் வரும். இரண்டாவது, 'நிக்கோபார் ஹனிமூன்'. நிக்கோபார் பழங்குடியினர் பாதுகாப்புப் பகுதி, அனுமதி இல்லாமல் வெளியாட்கள் போய்வர முடியாது. அந்தச் சொல்லைப் பார்த்துப் போன் செய்கிறவரிடம் 'இல்லீங்க, அங்க போக முடியாது' என்று சொல்வதற்கா வெப்சைட் நடத்துகிறீர்கள்?

மூன்றாவதுதான் எனக்குக் கோபம் வரவழைத்தது. 'ராஸ் ஐலண்ட்', 'ராஸ் அண்ட் ஸ்மித் ஐலண்ட்' இரண்டையும் ஒரே பொருள் என்று ஒரே கட்டத்தில் போட்டிருக்கிறார். ராஸ் என்பது போர்ட் பிளேர் துறைமுகத்துக்கு எதிரே, படகில் சில நிமிடத்தில் போகிற இடம், பழைய பிரிட்டிஷ் கட்டடங்களை மரத்தின் வேர்கள் சுற்றிக்கொண்டு நிற்கும். ராஸ் அண்ட் ஸ்மித் வடக்கே டிக்லிப்பூர் பக்கம், மணல் திட்டு ஒன்று இரண்டு தீவையும் சேர்த்து வைத்திருக்கும். ரோட்டில் போனால் ஒரு பகல் முழுக்கக் கழியும் தூரம். ஒன்றைச் சொல்லி மற்றதைக் காட்டினால், திரும்பி வந்த குடும்பம் உங்கள் கடை வாசலில் நின்று கேட்கும் கேள்விக்கு எந்த டூலும் பதில் சொல்லாது. தொடர்புள்ள சொல் வேறு, அதே அர்த்தமுள்ள சொல் வேறு. 500-ஐயும் பக்கத்தில் திணித்தால் கூகுள் அதைச் சொல் திணிப்பு என்று எடுத்துக்கொண்டு, இருக்கிற இடத்தையும் பறிக்கும்.

ஒரே பொருளைப் பல பெயரில் எழுதாதீர்கள் என்பதுதான் என் வழக்கமான அறிவுரை. இதற்கு ஒரு விலக்கு உண்டு, உங்கள் தொழிலில் அது பெரிய விலக்கு: பெயர் மாறிய ஊர்கள். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீப் ஆனது, நீல் தீவு ஷஹீத் தீப் ஆனது, நான் மேலே சொன்ன ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீப் ஆனது. ராஸ் அண்ட் ஸ்மித்தின் பெயர் அதில் மாறவில்லை, திரும்பவும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரை ஸ்ரீ விஜயபுரம் என்றார்கள். மாற்றியது மாற்றியாகிவிட்டது. ஆனால் மக்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக், போர்ட் பிளேர்தான். போய்வந்த சித்தப்பா ஹேவ்லாக் என்றுதான் சொல்லுவார், அதைக் கேட்டவரும் அப்படியேதான் தேடுவார். டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தபின் 'இது என்ன புது ஊர்?' என்று உங்களுக்கே போன் செய்வார். அதனால் இரண்டு பெயரையும் எழுதுங்கள். எப்படி? தலைப்பில் மக்கள் சொல்லும் பெயர். முதல் பத்தியில் ஒரே வரி: 'ஹேவ்லாக் தீவின் இப்போதைய அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்வராஜ் தீப்.' பயணத் திட்ட அட்டவணையில் டிக்கெட்டில் இருக்கும் பெயர். அவ்வளவே. பழைய பெயருக்கு ஒரு பக்கம், புதுப் பெயருக்கு ஒரு பக்கம் என்று இரண்டாகப் பிரிக்காதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். லட்சத்தீவு, இலட்சத்தீவுகள், லக்ஷதீப் என்ற எழுத்து வேறுபாட்டுக்கெல்லாம் இது பொருந்தாது. அதைக் கூகுள் தானே புரிந்துகொள்ளும்.

சரி, சொற்களுக்கு எங்கே போவது? உங்கள் மேஜையில் போனுக்குப் பக்கத்தில் ஒரு என்கொயரி நோட்டு இருக்கும். இல்லையென்றால் நாளைக்கே ஒன்று போடுங்கள். போன் செய்கிறவர் கேட்டதை உங்கள் பாஷையில் மாற்றாமல், அவர் சொன்னபடியே எழுதுங்கள். 'லட்சத்தீவுக்குப் பெர்மிட் நாங்க எடுக்கணுமா, நீங்க எடுப்பியளா?' 'கொச்சியில கப்பல் ஏறினா எத்தனை மணிக்கூறு?' 'அம்மைக்கு முட்டுல வேதனை, போட்டுல ஏற முடியுமா?' 'அந்தமானுக்கு திருவனந்தபுரத்திலேயே ஏறலாமா, சென்னையில மாறணுமா?' 'மாலத்தீவுக்கு விசா வேண்டாம்ணு சொல்லுதாவ, பாஸ்போர்ட்டும் வேண்டாமா?' இந்தக் கடைசிக் கேள்வி மாதத்துக்கு இரண்டு தடவையாவது வரும் என்று பந்தயம் கட்டுகிறேன். இவைதான் உங்கள் 'ரிலேட்டட் கீவேர்ட்'. பெர்மிட், கப்பல் நேரம், மழைக்காலம், முட்டுவலி, பாஸ்போர்ட். அந்த ஷீட்டின் 500 வரியில் முட்டுவலி இல்லை.

நோட்டில் இருபது கேள்வி சேர்ந்ததும் போனை எடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு சொல்லை மட்டும் அடித்து நிறுத்துங்கள். கீழே கூகுள் எடுத்துக் கொடுக்கும் வரிகளைப் பாருங்கள். பக்கத்தின் அடியில் 'மக்கள் இதையும் தேடுகிறார்கள்' என்று ஒரு கொத்து வரும். உங்கள் நோட்டிலும் அங்கேயும் இருக்கிற கேள்வியை முதலில் எடுங்கள்.

எடுத்ததை மூன்றாகப் பிரிக்கலாம். 'லட்சத்தீவில் எத்தனை தீவு' என்பது பள்ளிக்கூடப் பிள்ளையின் கேள்வி. 36, மக்கள் வாழ்வது பத்தில் என்று கூகுளே மேலே பதிலைக் கொட்டிவிடும், உள்ளே யாரும் வரமாட்டார்கள். விட்டுவிடுங்கள். 'லட்சத்தீவு பெர்மிட் எப்படி எடுப்பது' என்பவர் கிளம்ப யோசிக்கிறவர். 'கொச்சி லட்சத்தீவு கப்பல் டூர் செலவு' என்பவர் பையில் பணத்தோடு நிற்கிறவர். பின்னிரண்டுக்கும் ஆளுக்கொரு பக்கம். தலைப்பில் 'சிறந்த', 'மலிவான', 'மறக்க முடியாத' எதுவும் வேண்டாம். 'களியக்காவிளையிலிருந்து லட்சத்தீவு: பெர்மிட், கப்பல், செலவு' போதும். செலவு என்று தலைப்பில் போட்டுவிட்டு உள்ளே 'தொடர்புகொள்ளவும்' என்று எழுதுகிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். தொகை எழுதுங்கள். எந்தத் தேதி நிலவரம் என்பதையும் எழுதுங்கள்.

எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று பார்க்கக் கூகுளின் கீவேர்ட் பிளானர் இருக்கிறது, இலவசம். ஆனால் விளம்பரத்துக்குப் பணம் கட்டாதவருக்கு '100 முதல் 1,000' என்றுதான் காட்டும். நூறும் ஆயிரமும் ஒன்றா? தெருக்கோடியில் பெட்டிக்கடை வைக்கிறவரிடம் 'இந்த வழியா பத்து பேரும் போகலாம், நூறு பேரும் போகலாம்' என்று சொல்வது மாதிரி. உருப்படியான ஒரே இலவச இடம் கூகுளின் சர்ச் கன்சோல். உங்கள் பக்கம் எந்தச் சொல்லுக்கு, எத்தனை தடவை, எத்தனையாவது இடத்தில் காட்டப்பட்டது என்று 16 மாதக் கணக்கு அதில் கிடைக்கும். எட்டாவது இடத்திலிருந்து இருபதாவது இடம் வரை நிற்கும் சொற்களை மட்டும் மாதம் ஒருமுறை பாருங்கள். அவற்றுக்குப் பதில் உங்கள் பக்கத்தில் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்துத் திருத்துங்கள். மற்ற பொத்தான்களைத் தொடவேண்டாம்.

ஷீட்டின் கடைசி அறுபது வரியும் ஊர்ப்பெயர்கள்: 'மார்த்தாண்டம் அந்தமான் டூர்', 'குழித்துறை அந்தமான் டூர்', 'தக்கலை', 'பாறசாலை', 'நெய்யாற்றின்கரை'. ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை அறுபது தடவை போடுவது கூகுளின் விதிகளில் பெயர் சொல்லித் தடுத்திருக்கும் வேலை. ஒரு பக்கத்தில், 'மார்த்தாண்டம், பாறசாலை பகுதிகளில் வீட்டு வாசலிலிருந்து ஏர்போர்ட் வரை வண்டி எங்களுடையது' என்று எழுதுங்கள், அதுவும் உண்மையானால் மட்டும். பாறசாலைக்கு அப்பால் கேரளத்தில் உள்ளவர்களுக்காக மலையாளத்தில் ஒரு பக்கம் போடுவது நல்ல யோசனைதான். மெஷின் மொழிபெயர்ப்பை ஒட்டாமல், கடையில் மலையாளம் எழுதத் தெரிந்த பிள்ளையை உட்கார வைத்து எழுதுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் நெய்யாறு கடலில் சேரும் பூவார் இருக்கிறது. கன்னியாகுமரி பார்த்துவிட்டுத் திருவனந்தபுரம் போகிற வண்டிகள் உங்கள் வாசலைத் தாண்டித்தான் போகின்றன. 'பூவார் படகு சவாரி கட்டணம்', 'பூவார் தீவு எப்படிப் போவது' என்று தமிழில் தேடுகிறவருக்கு ஒழுங்கான தமிழ்ப் பக்கம் கிடைப்பது கஷ்டம். கொல்லத்துக்குப் பக்கத்தில் கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் கலக்கும் இடத்தில் மன்றோ துருத்து இருக்கிறது. துருத்து என்றால் சின்னத் தீவு. மாலத்தீவுக்குப் பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கு நிற்பதைவிட, இந்த இரண்டுக்கும் நீங்களே படகில் போய் எடுத்த போட்டோவும் படகுக்காரர் சொன்ன விலையும் போட்ட பக்கம் சீக்கிரம் மேலே வரும். 2024 ஜனவரியில் பிரதமர் போய்வந்து படம் போட்டதும் லட்சத்தீவைத் தேடாத ஆளில்லை. பெர்மிட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் பக்கம் போட்டவர்களுக்கு அந்தக் கூட்டத்தால் என்ன கிடைத்தது?

கடைசியாக, இன்றைக்கு ராத்திரிக்குள் செய்யவேண்டியது. உங்கள் வெப்சைட் பெயர், அதாவது டொமைன், யார் பெயரில், யாருடைய ஈமெயிலில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஹோம்ஸ்டே ஒன்றில், சைட் செய்துகொடுத்தவர் தன் பெயரிலேயே பதிந்துவைத்திருந்தார். சண்டை வந்ததும் புதுப்பிக்காமல் விட்டார். ஆறு வருஷமாக விசிட்டிங் கார்டிலும் வண்டிக் கண்ணாடியிலும் அச்சடித்த முகவரி வேறொருவர் கைக்குப் போனது. எழுதிக் கொடுத்தும், அலைந்து பார்த்தும் திரும்பக் கிடைக்கவில்லை. டொமைன், சர்ச் கன்சோல், கூகுள் மேப்பில் உங்கள் கடைப் பக்கம் மூன்றும் உங்கள் ஈமெயிலில், உங்கள் போன் நம்பரில் இருக்கவேண்டும். வேலை செய்கிறவருக்கு உள்ளே வர அனுமதி கொடுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள். சைட் செய்தவரிடம் கேட்டால் 'அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி' என்பார். பாஸ்வேர்டு கைக்கு வரும்வரை பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.