ரெனால்ட்ஸ் எண் 5,500-இலும் கலையாத சாயக்கோடு

25 மி.மீ. கண்ணாடிக் குழாயில் ரெனால்ட்ஸ் எண் (நீரின் வேகமும் குழாயின் விட்டமும் பெருக, பாகுநிலை என்ற ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை குறைய, ஏறும் எண்) 5,500-ஐத் தொட்டும், ஓடும் நீரில் விட்ட சாயக்கோடு கலையவில்லை, ஓட்டமானி பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். மானியைக் கழற்ற அவசரப்படாதீர்கள். பாடநூல்களில் வரும் 2,300 என்ற ரெனால்ட்ஸ் எண், கொந்தளிப்பு (நீர் சுழன்று கலங்கி ஓடுவது) தானாகத் தொடங்கும் எல்லை அன்று. ஏறத்தாழ அதற்குக் கீழே, கிளப்பிவிட்ட கொந்தளிப்பும் நிலைக்காது, அவ்வளவுதான். மேலே போனால் ஏதாவது ஒன்று ஓட்டத்தைச் சீண்ட வேண்டும். 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸே தொட்டி நீரை நன்றாக அடங்கவிட்டு, அகன்ற வழவழப்பான நுழைவாய் வைத்து, ஏறத்தாழ 12,000 வரை கோட்டைக் காப்பாற்றினார். பிற்காலத்தில் அதே கருவியில் அவ்வளவு எட்டவில்லை. தெருவில் ஓடும் வண்டிகளின் அதிர்வைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்!

நுழைவாயருகே மெல்லிய கம்பியைக் குறுக்கே நீட்டிப் பாருங்கள். கோடு சிதறி, குழாயின் கடைசிவரை கலங்கியே போனால் 2,300-ஐத் தாண்டிவிட்டீர்கள். 5,500 சரியா என்பதற்கு வாளியில் நீர் பிடித்து நேரம் பாருங்கள். வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள், 20 டிகிரி நீர் 30-க்குச் சூடேறினால் பாகுநிலை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், அதே வேகத்திலும் ரெனால்ட்ஸ் எண் ஏறிவிடும்.