சட்டைப்பைக்கு எந்த டார்ச் லைட்? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

சிங்கப்பூரில் லிஃப்ட் பராமரிப்பில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். மோட்டார் அறை, லிஃப்ட் குழி, விளக்கு எரியாத படிக்கட்டு என்று ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது டார்ச் லைட்டை வெளியே எடுப்பேன். கேட்பதைக் கேளுங்கள் என்று சொன்னேன், நிறைய வந்துவிட்டது. வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

போனிலேயே லைட் இருக்கிறதே அண்ணே, தனியாக எதற்கு? (உட்லண்ட்ஸ்)

கைக்கெட்டும் தூரத்துக்குப் போன் போதும் தம்பி, சாவித் துவாரத்தைத் தேடுவதற்கு நான்கூட அதைத்தான் எடுப்பேன். 2018 செப்டம்பர் 18 நினைவிருக்கிறதா? பின்னிரவு 1.18-க்கு மின்சாரம் போய், 1,40,000-க்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருட்டில் கிடந்தன, எல்லா இடத்திலும் திரும்ப வர 38 நிமிடம் ஆனது. அந்த மாதிரி நேரத்தில் நாலு பேரைக் கூப்பிட்டு விசாரிக்கப் போன் வேண்டும், அதன் பேட்டரியை வெளிச்சத்துக்குச் செலவழிக்கக்கூடாது. அப்புறம் மின்பெட்டியைத் திறந்து சுவிட்ச் பார்க்கிறீர்கள் என்றால் இரண்டு கையும் வேண்டும். கிளிப் உள்ள சின்ன டார்ச்சைத் தொப்பி விளிம்பில் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கலாம், போனை எங்கே மாட்டுவது?

ஆன்லைனில் 15 வெள்ளிக்கு 10,000 லூமன் என்று போட்டிருக்கிறார்கள், வாங்கலாமா? (ஈசூன்)

வேண்டாம். லூமன் என்பது டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. விரல் அளவு டார்ச்சில் 10,000 லூமன் வராது, வந்தாலும் அந்தச் சூட்டைக் கையில் பிடிக்க முடியாது. எஃப்எல்1 என்று ஓர் அளவு முறை 2009-இல் வந்தது. அந்தப் பெயரைப் போட்டு எண் தரும் கம்பெனிகளின் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: லூமனை அளப்பது விளக்கைப் போட்ட 30 வினாடிக்குப் பிறகு, ஆனால் 'இத்தனை மணி நேரம் எரியும்' என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான கணக்கு. 1000 லூமன், 3 மணி நேரம் என்று பெட்டியில் இருந்தால், சின்ன டார்ச்சில் பெரும்பாலும் ஓரிரண்டு நிமிடத்திலேயே சூட்டினால் இறங்கிவிடும், மிச்ச நேரமெல்லாம் 300-க்கும் கீழேதான் எரியும். நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம் இறங்கும்.

தூரம் தெரிய வேண்டுமென்றால் கேண்டெலாவைப் பாருங்கள், அது ஒளிக்கற்றை எவ்வளவு குவிந்து பாய்கிறது என்ற அளவு. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர்: 2500 கேண்டெலா என்றால் 100 மீட்டர். அந்த 100-ஆவது மீட்டரில் கிடைப்பது முழுநிலா வெளிச்சம் அளவுதான், ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது.

உண்மையில் நான் வாங்கும்போது முதலில் பார்ப்பது அதிகபட்ச எண்ணை இல்லை, குறைந்தபட்ச எண்ணை. வீட்டிலும் வேலையிலும் பாதிக்கு மேல் நான் எரிப்பது 5 முதல் 50 லூமன் வரைதான். 100 லூமனுக்குக் கீழே இறங்காத டார்ச்சைத் தினமும் பயன்படுத்த முடியாது, ஒரு சீட்டைப் படிப்பதற்குள் கண் கூசிவிடும்.

எந்த அளவு பேட்டரி போடும் டார்ச், ட்ரிபிள் ஏ-யா, டபுள் ஏ-யா? (தெம்பனிஸ்)

சாவிக்கொத்தோடு போட வேண்டுமென்றால் ட்ரிபிள் ஏ. ஓலைட் ஐ3டி அந்த வகைதான், அதிகம் 180 லூமன், குறைவு 5, பேனா மாதிரிப் பையில் நிற்கும். மற்றபடி டபுள் ஏ. சார்ஜ் செய்யும் எனலூப் பேட்டரியில் ட்ரிபிள் ஏ-யின் கொள்ளளவு சுமார் 800 மில்லிஆம்ப் மணி, டபுள் ஏ சுமார் 2000. கனம் நாலு மில்லிமீட்டர்தான் கூடும், சக்தி இரண்டரை மடங்கு.

சாதாரண அல்கலைன் பேட்டரியைப் போட்டு மறந்துவிடாதீர்கள். எனக்குப் பிடித்த டார்ச் ஒன்றை அப்படித்தான் இழந்தேன், ஏழெட்டு மாதம் கழித்துத் திறந்தால் உள்ளே வெள்ளையாகப் பூத்துப்போய் மூடியே சுழலவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான். அவசரப் பையில் வைத்து மூடிவிடப் போகிறீர்கள் என்றால் சார்ஜ் செய்ய முடியாத, ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் லித்தியம் டபுள் ஏ வாங்குங்கள், விலை கூடத்தான், ஆனால் 20 வருடம் வரை தாங்கும் என்று போட்டே விற்கிறார்கள், கசிவதும் அபூர்வம்.

18650 பேட்டரி பற்றிச் சொல்லுங்கள். 9900 மில்லிஆம்ப் மணி நல்லதா? (ஜூரோங்)

அந்த எண் பொய். 18650 என்பது சார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதற்குள் நல்ல கம்பெனியே 3500 சுற்றித்தான் அடைக்கிறது. இன்னொன்று, 14500 என்ற லித்தியம் பேட்டரி டபுள் ஏ அளவிலேயே இருக்கும், ஆனால் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். டபுள் ஏ, 14500 இரண்டையும் ஏற்கும் என்று டார்ச்சில் எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள் (சோஃபர்ன் எஸ்பி10 ப்ரோ என்ற டார்ச் ஏற்கும்), இல்லாவிட்டால் டார்ச் கருகிவிடலாம்.

18650 போடும் டார்ச்சில் நான் வைத்திருப்பது வர்க்கோஸ் எஃப்சி11. டைப் சி வயரிலேயே சார்ஜ் ஆகும், அடியில் காந்தம், சிஆர்ஐ 90 எல்இடி (சிஆர்ஐ என்பது நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு). இந்த சிஆர்ஐ-ஐ யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் உயிர். சிங்கப்பூரில் வயர் நிறங்கள் 2009-இல் மாறின. பழைய வீட்டில் மின்னோட்ட வயர் சிவப்பு, புதியதில் பழுப்பு. பழைய வீட்டைப் புதுப்பித்திருந்தால் ஒரே பெட்டியில் இரண்டும் இருக்கும், மலிவான நீலம் பாய்ந்த வெளிச்சத்தில் இரண்டும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரியும். நிறத்தைச் சரியாகக் காட்டும் விளக்கை ஒரு தடவை பிடித்துப் பார்த்தால் பழையதைத் திரும்பத் தொட மாட்டீர்கள்.

அம்மாவுக்கு 74 வயது, இரவில் கழிவறைக்குப் போக எது நல்லது? (தோ பாயோ)

ஒரே பட்டன், குறைந்த வெளிச்சத்திலேயே தொடங்குவது, மஞ்சள் கலந்த நிறம் (பெட்டியில் 3000 அல்லது 4000 கே என்று இருக்கும்). பட்டனை இரண்டு தடவை, மூன்று தடவை அழுத்தினால் வேறு வேறு நடக்கும் டார்ச் அம்மாவுக்கு வேண்டாம் அக்கா, நான் மேலே சொன்ன சோஃபர்னும் அந்த வகை. தரையைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள், 5 லூமனே தாராளம். கட்டில் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிடுங்கள், இழுப்பறைக்குள் வைத்தால் தேடுவதற்குள் விழுந்துவிடுவார்கள்.

கப்பல் பட்டறையில் டேங்குக்குள் இறங்குகிறேன். இந்த டார்ச் கொண்டு போகலாமா? (துவாஸ்)

கூடாது தம்பி, தயவுசெய்து கூடாது. பெயிண்ட் ஆவியோ எண்ணெய் ஆவியோ உள்ள இடத்தில் ஒரு சின்னப் பொறி போதும். அங்கே ஏடெக்ஸ் அல்லது ஐஇசிஇஎக்ஸ் சான்று (வெடிக்கும் ஆவி உள்ள இடத்துக்கான பாதுகாப்புச் சான்று) உள்ள, அந்த இடத்து ஆவிக்கு ஏற்ற வகை டார்ச்தான் இறங்க வேண்டும். அதைக் கம்பெனிதான் தர வேண்டும். தரவில்லை என்றால் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள், பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள், சொந்த டார்ச்சோடு இறங்காதீர்கள்.

மழையில் நனைந்தால்? (பொங்கோல்)

ஐபிஎக்ஸ் என்பது தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்ற தரக் குறியீடு. ஐபிஎக்ஸ்4 மழைக்குப் போதும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம். புலாவ் ஊபின் தீவுக் கடற்கரையில் நடப்பவர் என்றால் இரண்டாவதை எடுங்கள், வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம், விமானத்தில் விடுவார்களா? (அங் மோ கியோ)

விடுவார்கள். உதிரி லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான். வரம்பு ஒரு பேட்டரிக்கு 100 வாட் மணி (அதில் அடங்கும் சக்தியின் அளவு), ஒரு 18650 சுமார் 13-தான் வரும். டார்ச்சின் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள், பைக்குள் தானாக எரிந்து துணியைச் சுட்டுவிடாது. உதிரி பேட்டரியைச் சில்லறை, சாவியோடு போடாமல் அதற்கான பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். இங்கே வாங்கும் கடையிலேயே கேட்டால் பெட்டியும் கிடைக்கும்.