திராட்சைச் சாற்றில் ஈஸ்ட்டை எஃப்டிஐஆரில் பிடிக்கலாமா?

வணக்கமுங்க. தொண்டாமுத்தூர்ப் பன்னீர் திராட்சைச் சாறு நாலாம் நாள் மூடி உப்புது, ஈஸ்ட் இருக்கான்னு கல்லூரி ஆய்வகத்து எஃப்டிஐஆர்ல (பொருள் எந்தெந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுதுன்னு வரைபடமாக் காட்டற கருவி) ஊத்திப் பார்த்தா நல்ல பாட்டிலும் கெட்ட பாட்டிலும் ஒரே மாதிரி தெரியுதுன்னு எழுதியிருந்தீங்க.

சாற்றை நேரா வெச்சா அப்படித்தாங்க வரும். வரைபடத்துல தண்ணியோட பட்டை (ஒளியை உறிஞ்சற இடத்துல எழும் மேடு) 1640-லயும் (இந்த எண்ணெல்லாம் அலை எண், ஒரு செ.மீ.க்கு இத்தனை அலைன்னு கணக்கு), சர்க்கரையோடது 1000-லிருந்து 1150 வரைக்கும் ஏறி நின்னு ஈஸ்ட்டை மூடிடும். செல்லைத் தனியாப் பிரிக்கணும். துணியில சக்கையை வடிச்சிட்டு, 10 மில்லியை செண்ட்ரிஃபியூஜ்ல (வேகமாச் சுத்திப் பிரிக்கற கருவி) 3000 ஜி விசையில 5 நிமிஷம் சுத்துங்க. அடியில படிஞ்சதை 0.9 சதவீத உப்புக் கரைசல்ல ரெண்டு தடவை கழுவி, ஒரு சொட்டை எஃப்டிஐஆர் கருவியோட படிகத்து மேல வெச்சு நல்லாக் காயவிடுங்க. பலரும் கோட்டை விடறது இங்கதான்: ஈரம் இருந்தா 1650 புரதப் பட்டை தண்ணிக்குள்ள மறைஞ்சிரும். 1650, 1540 ரெண்டும் சேர்ந்து எழுந்தா செல் இருக்கு. 1740-ல பெரிய மேடு தெரிஞ்சா பெக்டின் (பழத்தோட பசைப் பொருள்) முழுசாப் போகாம இருக்கலாம், மறுபடி கழுவுங்க.

மில்லிக்கு நாலஞ்சு செல்லுன்னா இதுல தெரியாதுங்க. மால்ட் பிராத்துல (ஈஸ்ட் வளர்க்கற முளைதானியச் சாறு) 28 டிகிரியில வளர்த்துட்டுத்தான் பார்க்கணும். இன்னொண்ணு, சூட்டுல செத்த செல்லும் அதே பட்டையைத்தான் காட்டும். அதனால முதல்ல மைக்ராஸ்கோப்பை எடுங்க, 0.01 சதவீத மெத்திலீன் நீலம் விட்டா செத்தது நீலமாகும், உயிருள்ளது நிறமில்லாம நிக்கும்.

சாறு கெடாம இருக்கப் போடற பென்சோயேட்டை மட்டும் நம்பாதீங்க. சைகோசாக்கரோமைசஸ் பெய்லிங்கற ஈஸ்ட் அதைத் தாங்கி வளரும். சாற்றை 85 டிகிரி சூட்டுல நிரப்பி, மூடினதும் பாட்டிலை 3 நிமிஷம் கவுத்து வையுங்க. மூடியோட உள்பக்கமும் சூடாகணும்.